அப்பா வைத்த இடம்

என் அப்பா ரெமிஜியஸ் மறதிக்காரர். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் இரண்டு ரெமிஜியஸ் இருந்தார்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன் ரெமி. அப்பா, மறதி ரெமி. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

சிவாஜிநகரில் மீன் வாங்குவார். மீனைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்குவார். பிறகு நிலையத்தில் நிற்கிற பேருந்துகளில் ஒவ்வொன்றாக ஏறி மோந்து பார்த்துக் கண்டுபிடித்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை.

டைப்ரைட்டர் பழுதுபார்க்கும் கடை, அச்சகம், கூரியர் கம்பெனி. எதிலும் நிலைக்கவில்லை. சோம்பேறி என்றார்கள். கூரியர் கம்பெனியில் மற்ற எல்லோரையும்விட அதிகம் நடந்தவர் அவர்தான். பாதி நடை, விட்டுவிட்டு வந்ததை எடுக்கத் திரும்பிப் போன நடை.

கடைசியில் எங்கள் பங்குக் கோயிலில் கோயில்பிள்ளையாகச் சேர்ந்தார். பூசைக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைக்கிற வேலை. பீடத்துக்குப் பக்கத்தில், குருவானவர் உடை மாற்றிக்கொள்ளும் சிறிய அறை அவர் பொறுப்பு. பூசை உடுப்பு, இரசக் குப்பி, மெழுகுவர்த்தி, தூபக்கால், மணி. பீடத்தில் உதவி செய்யும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. அந்த வேலையில் மட்டும் அவர் எதையும் மறந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வயதாகும்வரை அங்கேயே இருந்தார். இந்த ஜூன் மாதம் இறந்தார். இதயம்.

நான் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் கார் பிரேக்குகளுக்கான மென்பொருளைச் சோதிக்கிறேன். ஒன்று எப்படித் தவறும் என்று தேடுவது என் தொழில். மீனை மறந்தவர் மணியை எப்படி மறக்காமல் இருந்தார் என்று அவர் இருந்தபோது நான் கேட்டதில்லை. அவர் போன பிறகுதான் அது ஒரு கேள்வியாகவே தோன்றியது.

தோன்றக் காரணம் வனஜா. காக்ஸ் டவுன் பக்கம் அழகு நிலையத்தில் வேலை செய்பவர். இந்துக் குடும்பத்தில் பிறந்து எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய மகள் லீனா. ஐந்தாம் வகுப்பு. உள்ளே வந்ததும் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு டிவி ரிமோட், குடை, ஜன்னல் கொக்கி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றினாள்.

"லீனா, சும்மா உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன்," என்றாள் லீனா, நடந்துகொண்டே.

வனஜா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணா, உங்க அப்பாவோட முப்பதாம் நாள் பூசை வர்ற சனிக்கிழமைதானே? அதுல இவ பீடத்துல நிக்கணும்கறா. அசோகன் சார் இவ பேரை எடுத்துட்டாரு."

"எதுக்கு?"

"உங்க காதுக்கு வரலியா? காக்ஸ் டவுன் பூரா சிரிச்சுதே."

நடந்தது இது. அப்பாவின் அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம். மணி அடிக்க வேண்டியவள் லீனா. கையில் மணி இல்லை. எழுந்து உள்ளே ஓடினாள். கிடைக்கவில்லை. கண்ணில் பட்டது ஞானோபதேச வகுப்பு முடியும்போது அடிக்கிற பெரிய கைமணி. அதைத் தூக்கிவந்து அடித்தாள். முன்வரிசைகளில் மண்டியிட்டிருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் வகுப்பு முடிந்துவிட்டது என்று எழுந்து வெளியே ஓடிவிட்டார்கள். அப்பாவின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அசோகன் அன்றே அவள் பெயரை நீக்கினார்.

"ஸ்கூல்ல கவுன்சிலர் மிஸ் சொல்லி டெஸ்ட் எடுத்தோம்ணா. ஏ.டி.எச்.டி.ன்னாங்க, கவனம் ஒரு எடத்துல நிக்காதாம். மாத்திரை போடறா, கொஞ்சம் பரவால்ல. ஆனா மாத்திரை பையை அடுக்காதும்மா, அதைப் பழகத்தான் வேணும்னு டாக்டரே சொல்லிட்டாரு. எக்ஸிக்யூடிவ் ஃபங்ஷன் வீக்காம், எதையும் வரிசையா யோசிச்சு செய்ய வராதாம். பூசையில மட்டும்தான் இவ ஒழுங்கா இருந்தது. எங்க மாமியார் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க, அம்மா புத்தி, சாமி குத்தம்னு." குரலைத் தாழ்த்தினார். "நேத்து ராத்திரி சொல்றா, எனக்கு எதுவும் வராதும்மா, விட்டுடுன்னு. பத்து வயசுப் புள்ள சொல்ற பேச்சா?"

லீனா குடையை விரித்தாள். "தாத்தா பூசைக்கு நான் இல்லாம யாரு மணி அடிப்பாங்க அங்கிள்?"

அந்தக் கேள்விக்குள் ஒரு தகவல் இருந்தது. அப்பா இருந்தவரை இவள் தவறவில்லை. அவர் போன முதல் வாரமே தவறினாள். அப்படியானால் எதுவோ ஒன்று மாறியிருக்கிறது. எது?

அன்று மாலையே அசோகனிடம் பேசினேன். நல்ல மனிதர். "வியாழக்கிழமை ஒத்திகை பாக்கலாம் சார். நல்லா வந்தா செய்யட்டும். எனக்கு அந்தக் குழந்தை மேல கோவம் ஒண்ணும் இல்ல," என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பூசையின் வரிசையைக் கட்டங்களாகப் போட்டு, அம்புக்குறிகளால் இணைத்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். லீனாவுக்குப் பிடித்திருந்தது. வியாழன் மாலை அதைக் கையில் வைத்துக்கொண்டே மெழுகுவர்த்தியை மறந்தாள். தண்ணீரை மறந்தாள். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் என் கட்டப்படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல மணின்னு எழுதியிருக்கு அங்கிள். மணி எங்க?"

"அலமாரியில."

"அலமாரி மூடியிருக்கே."

"தொறந்து எடும்மா."

"மூடிட்டா எனக்கு அது இல்ல அங்கிள்." வருத்தமில்லாமல், தன் சட்டை அளவைச் சொல்வது போலச் சொன்னாள். "தாத்தாவுக்கும்தான்."

அசோகன் என்னைப் பார்த்தார். நான் அறையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சுவரோரம் மூன்று அலமாரிகள், மூன்றும் மூடியிருந்தன. மேசையில் ஒரு பூச்சாடி மட்டும்.

"முன்னாடி மணி எங்க இருந்துச்சு லீனா?"

"என் சேர் மேல."

"கீழதானே வைப்பாங்க?"

"கீழ வச்சாரு. நான் மறந்துட்டேன். மேசை மேல வச்சாரு. மறந்துட்டேன். அப்புறம், 'எங்க வச்சா மறக்க மாட்டே, நீயே சொல்லு'ன்னாரு. நான் உக்கார்ற எடத்துலன்னேன். மணியை எடுக்காம உக்கார முடியாதுல்ல? குத்தும்." சிரித்தாள். "அது என் ஐடியா. செருப்பு ஐடியா தாத்தாவோடது."

"என்ன செருப்பு?"

"கோயில் சாவியை செருப்புக்குள்ள போட்டு வைப்பாரு. வீட்டுக்குப் போறப்ப கால்ல பட்டுச்சுன்னா பூட்டணும்னு ஞாபகம் வரும். இல்லன்னா தொறந்து போட்டுட்டே போயிடுவாராம். ஒருநாள் போயிட்டாராம், நாயெல்லாம் உள்ள வந்து படுத்துகிச்சாம்."

"இதெல்லாம் யாரும்மா அலமாரிக்குள்ள வச்சது?"

"டோரீன் ஆன்ட்டியும் அவங்க ஃப்ரெண்ட்ஸும். தாத்தா செத்துப்போன அப்புறம் சோப்பு போட்டு எல்லாத்தையும் கழுவுனாங்க. தாத்தா வாசனையே போயிடுச்சு."

டோரீன் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவர் கழுவிய அறையை நானும் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்திருந்தேன்.

முன்பு எது எங்கே இருந்தது என்று லீனாவுக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியைத் தேட ஒரு வழி இருந்தது. கொரோனா காலத்தில் எங்கள் கோயில் பூசையை யூடியூபில் ஒளிபரப்பத் தொடங்கியது. இன்னும் நிறுத்தவில்லை. பழைய பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. மாடியில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா, அசையாமல். படத்தின் இடது ஓரத்தில் அந்த அறையின் திறந்த கதவு, அதற்குள் மேசை. கதவில் எப்போதும் பாதி உடம்பாக அப்பா.

அன்றிரவு முதல் பதிவை இந்தத் தேடலுக்காகத்தான் திறந்தேன். அப்பா இருமினார். மூடிவிட்டேன். மறுநாள் காலை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஒரு வாரத்துப் பூசைக்கும் அடுத்த வாரத்துப் பூசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாவித் தாவிப் பார்த்தபோது தெரிந்தது. பழைய பதிவுகளில் லீனா பீடத்தில் நெளிகிறாள். அப்பா கதவில் நின்று ஒரு விரலைத் தூக்குகிறார். அவள் எழுகிறாள். பிரசங்கம் நீண்டால் அவளை உள்ளே கூப்பிடுகிறார். ஒரு தம்ளர் தண்ணீரோடு வெளியே வருகிறாள். அதைப் பாடகர் குழுவில் யாரிடமோ கொடுத்துவிட்டு, கோயிலை ஒரு சுற்று சுற்றித் தன் இடத்துக்கு வருகிறாள். அதற்குப் பிறகு அசையாமல் உட்கார்கிறாள். ஒவ்வொரு நீண்ட பிரசங்கத்திலும் யாருக்கோ தாகம் எடுத்தது.

பிறகு வந்த பதிவுகளில் விரல் இல்லை. அப்பா கதவில் நிற்கிறார், அவளைப் பார்க்கிறார், அவ்வளவுதான். இன்னும் பிறகு வந்தவற்றில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ மடித்துக்கொண்டிருக்கிறார். மணி ஒலிக்க வேண்டிய நேரத்தில் அவள் கை அசைகிறது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மே மாதப் பதிவு ஒன்றில் கதவில் அவர் இல்லவே இல்லை. மணி அடிக்கப்பட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விலக்கிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. யோசித்துத்தான் செய்தாரா என்றும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பா பீடத்தை நோக்கி நடப்பார். நடுவழியில் நின்றுவிடுவார். எதற்கு வந்தோம் என்று தெரியாத நிற்பு. வீட்டில் நான் ஆயிரம் முறை பார்த்து எரிச்சல்பட்டது. பிறகு கையைப் பார்ப்பார். கையில் தீப்பெட்டி இருக்கும். உடனே மெழுகுவர்த்தி பக்கம் போவார். அந்தத் தீப்பெட்டி பூசைப் புத்தகத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது. புத்தகத்தை எடுக்க வேண்டுமானால் தீப்பெட்டியை எடுத்தாக வேண்டும். இரசக் குப்பிகள் காணிக்கைப் பைகளுக்கு முன்னால். ஒன்றைத் தொட்டால் அடுத்தது கண்ணில் படும். நினைவு அவர் தலையில் இல்லை. மேசையில், நாற்காலியில், செருப்பில் இருந்தது. லீனாவுக்காக அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தனக்காகச் செய்து வைத்திருந்ததில் அவளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

இப்போது பிறந்திருந்தால் அவருக்கும் அந்த நான்கு எழுத்துப் பெயரைக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அப்போது சோம்பேறி என்ற பெயர் மட்டுமே கைவசம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். லீனா பள்ளி விட்டு வந்ததும் இருவரும் அறையைத் திரும்ப அமைத்தோம். நான் கைபேசியில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்வேன், அவள் வைப்பாள். பாதியில் டோரீன் அத்தை பூச்சாடிக்குப் புதுப் பூவோடு வந்தார்.

"டேய் க்ளென்னு, இன்னாடா இது? சந்தையாக்கிகினு இருக்கீங்க?"

"முன்னாடி இருந்த மாதிரி வைக்கறோம் அத்தே."

"முன்னாடி அப்படி இருந்ததாலதான்டா கழுவுனேன்! நாளைக்கு ஊரே வரும். வேளாங்கண்ணியில இருந்து சித்தப்பா வர்றாரு. எங்கண்ணன் குப்பையைப் போட்டுட்டுப் போயிட்டான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. உயிரோட இருந்தவரைக்கும் சொன்னானுங்க, அதுவே போதும்." லீனாவைப் பார்த்தார். "இந்த எறும்புக்குட்டியைப் பீடத்துல ஏத்தறியாமே? குண்டூசி மேல உக்காந்த மாதிரியே இருப்பா. போன மாசம் தூபக்காலை ஆட்டுனாளே, முன்னாடி இருந்தவன் எல்லாம் தலையைக் குனிஞ்சான். பக்தியிலயா குனிஞ்சான்?"

"நெருப்பு கீழ விழல ஆன்ட்டி," என்றாள் லீனா.

"விழலைன்னு பெருமை வேற."

கைபேசியை அத்தையிடம் கொடுத்தேன். அப்பா நடுவழியில் நிற்கும் இடம். நிற்கிறார். யோசிக்கிறார். கையைப் பார்க்கிறார். போகிறார்.

அத்தை பூவைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் தேடினார். தலையில்தான் இருந்தது. "இன்னொரு தபா போடு."

போட்டேன்.

"சின்ன வயசுல கடைக்குப் போறப்ப இப்படித்தான் நடுத்தெருவுல நிப்பான். நான் பின்னாலயே போயி, 'அண்ணே, உப்பு'ன்னு சொல்லணும். நான் கல்யாணமாகிப் போனப்புறம் யாருடா சொல்லுவான்னு கவலைப்பட்டிருக்கேன்." தீப்பெட்டியை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். புத்தகத்தின் மேல் வைத்தார். "இங்கதானே?"

"இன்னும் கொஞ்சம் நடுவுல ஆன்ட்டி," என்றாள் லீனா.

அசோகன் வந்து ஒத்திகை பார்த்தார். கை கழுவக் குருவானவர் இல்லாததால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போனோம். மற்றதெல்லாம் சரியாக வந்தது. மணி, அதன் நேரத்தில். அசோகன் தலையாட்டினார். அத்தை மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "ஏதாச்சும் தப்பாச்சுன்னா நான் எழுந்து போயிடுவேன் பீடத்துக்கு. யாரும் கேக்கக் கூடாது."

சனிக்கிழமை மழை. ஆனாலும் கூட்டம் வந்தது. வனஜா பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். நானும் அத்தையும் முன்வரிசையில். லீனா மெழுகுவர்த்தி ஏற்றினாள். புத்தகம் கொண்டுபோனாள். பிரசங்கம் நீண்டது. அவள் முழங்கால்கள் ஆடத் தொடங்கின. எழுந்தாள், அறைக்குள் போனாள், ஒரு தம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள். மாடிக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து நீட்டினாள். குடித்தேன். எனக்குத் தாகம் இருந்திருக்கிறது.

காணிக்கை முடிந்தது. இரசக் குப்பிகளைக் கொடுத்தாள். பிறகு குருவானவர் கை கழுவும் கட்டம். கிண்ணத்தைப் பிடித்தாள், தண்ணீர் ஊற்றினாள். குருவானவர் கழுவிய கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்.

துடைக்கத் துண்டு இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் துண்டு அறையில் எந்த இடத்திலும் வைக்கப்பட்டதே இல்லை. மறக்காமல் இருக்க அப்பா அதைத் தன் தோளில் போட்டுக்கொள்வார். லீனா தண்ணீரோடு கதவைத் தாண்டும்போது எடுத்து அவள் கையில் போடுவார். கதவில் அவர் இல்லாத பூசையிலும் அவள் துண்டோடுதான் வெளியே வந்திருப்பாள். அவர் தெரிந்த எல்லாப் பதிவுகளிலும் அது அவர் தோளில் இருந்தது. நான் அதைத் துண்டாகப் பார்க்கவில்லை. அப்பாவாகப் பார்த்தேன்.

லீனா திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவு காலியாக இருந்தது. அப்படியே நின்றாள். ஆர்மோனியக்காரர் பாட்டின் கடைசி வரியை மறுபடி எடுத்தார். அதுவும் முடிந்தது. மழைச் சத்தம் மட்டும். குருவானவரின் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அத்தை எழ முயன்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கால்களும் எழத்தான் முயன்றன. சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

"விடுடா," என்றார் அத்தை, மூச்சுக்குள்.

"இருங்க அத்தே."

லீனா கிண்ணத்தைப் பீடத்தின் ஓரத்தில் வைத்தாள். அறைக்குள் போனாள். ஓடவில்லை. உள்ளே அலமாரிக் கதவு ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. மூடவில்லை. இன்னொன்று திறந்தது. பிறகு இன்னொன்று. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அத்தை இஸ்திரி போட்டு அடுக்கியதில் ஒன்று. மடிப்புக் கலையாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். குருவானவர் துடைத்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பூசை தொடர்ந்தது. அத்தையின் மணிக்கட்டை நான் விட வெகுநேரம் ஆனது. அவரும் உருவிக்கொள்ளவில்லை.

பூசை முடிந்ததும் வெளியே தேநீரும் சமோசாவும். அசோகன் வனஜாவிடம் வந்து, "நாளைக் காலையில ஏழு மணிப் பூசை. லேட்டா வரக் கூடாதுன்னு சொல்லிடுங்க," என்றார். வனஜா அவருக்கே ஒரு சமோசாவை எடுத்துக் கொடுத்தார்.

லீனா வராந்தாத் தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"லீனா, துண்டு அலமாரியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எல்லாத்தையும் தொறந்தேன்."

"அங்க நின்னியே, அப்ப என்ன நெனச்சே?"

சுற்றுவதை நிறுத்தாமல் யோசித்தாள்.

"மொதல்ல, தாத்தா எங்கன்னு நெனச்சேன். அப்புறம், துண்டு எங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு சமோசாத் தட்டைப் பார்த்து ஓடினாள்.